அண்ணனுக்குக் கிட்னி கொடு என்று வீடே சொன்னபோது

ஃபீனிக்ஸ்காரி:

உறுப்பு தானம் மகாதானம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கட்டும். உயிரோடு இருக்கிற ஒருவர் கொடுக்க வேண்டிய நிலை வரும்போது வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் எழுதக் காணோம், அதனால் எழுதுகிறேன்.

அண்ணனுக்கு நெடுநாள் பிரஷர். மாத்திரையை ஒழுங்காகப் போட்டதில்லை. கடைசியில் இரண்டு கிட்னியும் போய்விட்டது. தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பனில், அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ், அதாவது மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்வது, கிடைப்பது எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. மெஷின்கள் குறைவு. அதனால் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதி உள்ளவருக்குத்தான் இடம். இதயம், எடை, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவாரா, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். நம்மவர் தியாகராஜ் சுப்பிரமணி வழக்கு பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 41 வயது, சர்க்கரை, இதய நோய், பக்கவாதம் எல்லாம் இருந்தன. அடிங்டன் மருத்துவமனை இடம் தர மறுத்தது. வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. தொடர்ந்து செய்ய வேண்டிய டயாலிசிஸ் அவசர சிகிச்சை ஆகாது, அரசிடம் இருக்கிற பணத்துக்குள்தான் பங்கிட முடியும் என்று 1997 நவம்பரில் தீர்ப்பு வந்தது. சில நாளில் அவர் இறந்துபோனார்.

அண்ணனுக்கு இடம் கிடைத்தது. கிடைத்த அன்றே வீட்டில் எல்லோரும் என்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள், ஏனென்றால் அந்த மெஷின் மாற்று வரும்வரை உட்கார்ந்திருக்கிற இடம்தானே. தம்பி பெர்த்தில் இருக்கிறான், அவனுக்கும் பிரஷர். அத்தை நேராகவே கேட்டார்: "கூடப் பிறந்தவள் நீதானே, வேற யாரு கொடுப்பா?" அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மீன் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அத்தையின் பேச்சை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட முடிந்தது. மீன் குழம்பை என்ன செய்வது?

இரத்த வகை பொருந்தியது. அப்புறம் ஒருநாள் மருத்துவமனையில் கிட்னி மாற்றுக்கான ஒருங்கிணைப்பாளரும் சமூகப் பணியாளரும் என்னை மட்டும் தனி அறைக்குக் கூப்பிட்டார்கள். "உங்களை யாரும் கேட்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாக வந்திருப்பீர்களா?" நான் இல்லை என்றேன். கடையில் கேஷியர் வேலை, நின்றால் சம்பளம் நிற்கும், பிள்ளைகள் இருக்கிறார்கள். அதெல்லாம் காரணம்தான். ஆனால் கத்தி வைக்கப் பயம் என்பதுதான் முதல் காரணம், அதையும் சொன்னேன். அவர்கள் கோபப்படவில்லை. வீட்டுக்கு "இவர் கொடுக்க ஏற்றவர் இல்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள்.

அத்தை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், எனக்கும் உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று. எனக்காகக் கோயிலில் அர்ச்சனை செய்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை. இது பொய்யா இல்லையா? யாராவது சொல்லுங்கள்.

சாட்ஸ்வொர்த் நர்ஸ்:

தங்கச்சி, நான் கிட்னி மாற்றுப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். மனது ஒப்புவதும் தகுதியில் ஒன்று. மனது ஒப்பாதவர் ஏற்றவர் இல்லைதான், அதில் பொய் எங்கே? எங்களோடு வேலை பார்த்த சில டாக்டர்களுக்கு இப்படிச் சொல்லி அனுப்புவது பிடிக்காது. பின்னால் உண்மை தெரிந்தால் குடும்பம் எங்களை நம்பாது என்பார்கள். நியாயம்தான். அதனால் நான் யாருக்கும் காரணமே சொன்னதில்லை. சர்க்கரை இருந்தாலும் சரி, பயம் இருந்தாலும் சரி, வீட்டுக்குப் போவது ஒரே வாக்கியம். அப்போது யாராலும் எதையும் ஊகிக்க முடியாது.

இன்னொன்று. உயிரோடு கிட்னி கொடுப்பவர்களில் உலகம் முழுக்கப் பெண்கள்தான் அதிகம், பெறுவதில் ஆண்கள் அதிகம். ஆபரேஷனில் சாவு மிகவும் அரிது, 10,000 பேரில் சுமார் 3 பேர் அல்லது அதற்கும் குறைவு. ஆனால் கொடுத்த பிறகு கர்ப்பமாகும் பெண்ணுக்குக் கர்ப்பகாலப் பிரஷர் வரும் வாய்ப்பு கூடுகிறது. குடும்பக் கூட்டத்தில் இதை யார் சொல்கிறார்கள்?

இசிபிங்கோ மாமா:

நான் தானமாகக் கிட்னி பெற்றவன். கொடுத்தவர் கோயில் சிநேகிதர், இரத்த உறவு இல்லை. உறவில்லாதவர் உயிரோடு கொடுக்க இந்த நாட்டில் சுகாதார அமைச்சரின் அனுமதி வேண்டும். அந்தக் காகிதத்துக்காகக் காத்திருந்த காலத்தில் நான் அரசாங்கத்தைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் இதே டர்பனில்தான் 2001 முதல் 2003 வரை ஒரு தனியார் மருத்துவமனையில் இஸ்ரேல் பணக்காரர்களுக்குப் பிரேசில், ருமேனியா ஏழைகளின் கிட்னியை வைத்தார்கள், உறவினர் என்று பொய்க் காகிதம் எழுதி. பிரேசில்காரர்களுக்குக் கிடைத்தது 6,000 டாலர் மாதிரி. 2010-இல் மருத்துவமனை நடத்திய நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் திட்டினேன்.

என் சிநேகிதரிடம் அதிகாரிகள் கேட்டது, "பணம் கைமாறியதா?" என்றுதான், திருப்பித் திருப்பி. அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

இப்போது காலையும் மாலையும் டாக்ரோலிமஸ், புதுக் கிட்னியை உடம்பு ஒதுக்காமல் இருக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து, ஆயுள் முழுக்க. கிரேப்ஃப்ரூட் (திராட்சை இல்லை, ஆரஞ்சு மாதிரிப் பழம்) தொடக்கூடாது, மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறிவிடும். தைப்பூசத்துக்கு அலகு குத்தலாமா என்று கேட்டேன். டாக்டர் அம்மா சிரிக்கவே இல்லை. எதிர்ப்புச் சக்தியை நாங்களே குறைத்து வைத்திருக்கிறோம், ஊசிக்குத்து கூட வேண்டாம், காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு நடங்கள் என்றார். நடந்தேன். சிநேகிதர் பக்கத்தில் வந்தார், அவருக்கு மூச்சு வாங்கவில்லை, எனக்குத்தான் வாங்கியது.

ஃபீனிக்ஸ்காரி:

நர்சக்கா, உங்கள் பதில் கொஞ்சம் ஆறுதல். அண்ணன் இன்னும் வாரத்துக்கு மூன்று முறை போய் நான்கு மணி நேரம் உட்கார்ந்து வருகிறார். இப்போது புதுக் கவலை. என் மகளுக்குப் பதினெட்டு ஆகிறது. போன வாரம் அத்தை அவள் தலையைத் தடவி, "உன் மாமாவுக்கும் உனக்கும் ஒரே இரத்த வகையாமே" என்றார். அவள் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றாள். அவளையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்களா?

சாட்ஸ்வொர்த் நர்ஸ்:

தனியாகத்தான் கேட்பார்கள், தங்கச்சி. நீங்கள்கூட உள்ளே போக முடியாது. இவ்வளவு சின்ன வயது என்றால் டாக்டர்களே தயங்குவார்கள், பிள்ளை பெறும் வயது முன்னால் இருக்கிறது. ஆனால் அவள் அங்கே போகும் முன்பே, வேண்டாம் என்று சொன்னால் அம்மா கோபப்பட மாட்டாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை மருத்துவமனை சொல்லித்தராது. நீங்கள் தனி அறையில் என்ன சொன்னீர்கள் என்று அவளிடம் சொல்லியிருக்கிறீர்களா?