பழத்தோல் பயோ என்சைம்: உப்புக்கறைக்குச் சரி, மொசைக் தரைக்கு?

மாடித்தோட்டக்காரி:
இரண்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் சுத்தம் செய்யக் கடைத் திரவம் எதுவும் வாங்குவதில்லை. எலுமிச்சை, சாத்துக்குடித் தோல் 300 கிராம், வெல்லம் 100 கிராம், தண்ணீர் 1 லிட்டர் என்ற கணக்கில் பிளாஸ்டிக் பாட்டிலில் சற்று இடம் விட்டு ஊறவைத்து, முதல் மாதம் நாள்தோறும் மூடியைத் திறந்து காற்றை வெளியேற்றி, மூன்று மாதம் கழித்து வடிகட்டினால் பயோ என்சைம் கிடைத்துவிடும். போர் தண்ணீர் குளியலறைச் சுவரில் படியவிடும் வெள்ளை உப்புக்கறை இதில் கரைகிறது. பாத்திரம், தரை, கழிப்பறை எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும்.

லிட்மஸ்:
“எல்லாவற்றுக்கும்” என்பதைத்தான் மறுக்கிறேன். அந்தக் கறையைக் கரைப்பது என்சைம் அன்று, அமிலம். வெல்லத்தின் சர்க்கரையை ஈஸ்ட் சாராயமாக்குகிறது. அதைப் பாக்டீரியா அசிட்டிக் அமிலமாக்குகிறது. தோலின் சிட்ரிக் அமிலமும் அதனுடன் சேர்கிறது. ஆகவே உங்கள் பாட்டிலில் இருப்பது, பழவாசனை கொண்ட மென்மையான வினிகர் என்றே சொல்லலாம். உப்புக்கறையின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். மொசைக் தரையில் பதித்த சலவைக்கல் சில்லுகளும் அதே கால்சியம் கார்பனேட்தான் என்பதால், கறையைத் தின்னும் அமிலம் தரையையும் தின்னும். சிமெண்டில் வார்க்கப்படும் ஆத்தங்குடிக் கற்களுக்கும் இதே கதிதான்.

மாடித்தோட்டக்காரி:
ஒரு வாளித் தண்ணீருக்கு இரண்டு மூடிதான் ஊற்றுகிறேன். தெருவில் விற்கும் ஆசிட்டைக் கழிப்பறையில் கொட்டி, அந்த நெடியில் இருமுகிறவர்களிடம் அல்லவா நீங்கள் இதைச் சொல்ல வேண்டும்?

லிட்மஸ்:
ஆசிட் விஷயத்தில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் வாளிக்கு இரண்டு மூடி என்றால், தரையைச் சுத்தம் செய்வது பெரும்பாலும் தண்ணீரும் துடைப்பானும்தான். மேலும், வீட்டில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு என்றால் கழிப்பறைக்கு இதை நம்பாமல் பிளீச்சிங் பவுடரைத்தான் பயன்படுத்த வேண்டும். இரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. அமிலம் பட்டால் பிளீச்சிங் பவுடரிலிருந்து நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிவரும்.

பழையவீடு:
நான் பட்டதைச் சொல்கிறேன். வாசற்படி அருகே மொசைக்கில் இருந்த துருக்கறையின் மீது இந்தத் திரவத்தை நீர் கலக்காமல் ஊற்றி, இரவு முழுவதும் விட்டேன். கறை ஓரளவு போயிற்று. உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பும் போயிற்று. இன்றும் வெயில் படும்போது அந்த இடம் மங்கலாகத் தெரிகிறது. என் மாமியார் பித்தளை விளக்குக்குப் புளியையும், எண்ணெய்ப் பிசுக்கேறிய வாணலிக்கு அடுப்புச் சாம்பலையும்தான் எடுப்பார். புளி அமிலம், சாம்பல் காரம். எதற்கு எது என்பதை அவர் ஒருநாளும் மாற்றியதில்லை. இப்போதோ வினிகரையும் சோடா உப்பையும் ஒன்றாகக் கொட்டிவிட்டு, நுரை பொங்குவதைப் பார்த்து மகிழ்கிறார்கள். ஒன்றை மற்றொன்று முறித்துவிட்ட பிறகு அங்கே எஞ்சுவது ஏறக்குறைய உப்புத்தண்ணீர்தான்.

மாடித்தோட்டக்காரி:
பிசுக்குப் பாத்திரத்துக்கு இது மட்டும் போதவில்லை என்பதை நானும் கண்டிருக்கிறேன். அதனால்தான் பூந்திக்கொட்டை ஊறிய நீரைச் சேர்த்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டுக் கூடமும் மொசைக்தான். அங்கே இனி வெறும் தண்ணீர் போதும். குளியலறை டைல்ஸையும் கழிப்பறைப் பீங்கானையும் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

லிட்மஸ்:
அவை இரண்டும் உங்களுக்கே. டைல்ஸ் இடுக்கில் இருப்பது சிமெண்ட் என்பதால், பத்து நிமிடத்தில் கழுவிவிடுங்கள்.