அரிய பறவை வந்தால் இடத்தைச் சொல்லலாமா, கூடாதா?
(பறவை பார்ப்பவர்களின் இணைய உரையாடல்; எழுதுகிறவர்கள் பறவைகளின் பெயரைப் புனைபெயராக வைத்திருக்கிறார்கள்.)

செம்போத்து:
போன வாரம் ஒரு குட்டையோரம் வழிதவறி வந்த உள்ளான் ஒன்று, சேற்றில் இரை தேடும் கரைப்பறவை, தங்கியிருந்தது. எந்த இனம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் இடத்தையும் கண்டுபிடித்துவிடுவீர்கள். முதல் நாள் நான் மட்டும்தான். தையல் மெஷின் ஊசி மாதிரி சேற்றில் அலகை விட்டு விட்டு எடுத்து இரை தேடிக்கொண்டிருந்தது, என்னைச் சட்டையே செய்யவில்லை. மூன்றாம் நாள் போனால் நாற்பது பேர், அரைவட்டமாக. பறவை இரண்டடி நடக்கிறது, நிற்கிறது, தலையைத் தூக்குகிறது, வாலை ஆட்டுகிறது, மறுபடி இரண்டடி. அரை மணி நேரம் நின்றேன், அலகு சேற்றில் இறங்கியதை எண்ணி ஐந்து முறை பார்த்திருப்பேன். கடைசியில் ஒருவர், பறக்கிற படம் வேண்டுமாம், ஒரு கல்லை எடுத்துப் போட்டார். பறவை மேல் இல்லையாம், பக்கத்தில்தானாம்.

அரிய பறவை வந்தால் இடத்தை வெளியே எழுதவே கூடாது. இது என் கட்சி. திட்டுகிறவர்கள் வரிசையில் வரலாம்.

ஆட்காட்டி:
பெயரிலேயே காட்டிக்கொடுக்கிறவன் நான், அதனால் எதிர்க்கட்சிக்கு வந்துவிடுகிறேன். கல் போட்டவரை அங்கேயே நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும், அதில் பேச்சே இல்லை. அதற்காக மீதி முப்பத்தொன்பது பேரும் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டுமா?

ஒரு காலத்தில் அரிய பறவையைப் பார்த்தேன் என்றால் சுட்டுத் தோலைப் பாடம் செய்து கொண்டுவந்து காட்ட வேண்டும், அப்போதுதான் நம்புவார்கள். இன்று பத்துப் பேர் வந்து பார்ப்பதுதான் சாட்சி. ஸ்டெல்லர் கடற்கழுகு ஞாபகம் இருக்கிறதா? ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் உள்ள கம்சட்கா பக்கத்துப் பறவை. 2020ல் அலாஸ்காவின் உள்பகுதியில் ஒன்று தெரிந்தது, 2021 மார்ச்சில் டெக்சாஸ், அப்புறம் கனடாவின் கிழக்குக் கரை, அந்த டிசம்பரில் மாசசூசெட்ஸ், பிறகு மெய்ன். சிறகில் இருந்த வெள்ளைத் திட்டுகளை ஒப்பிட்டு அத்தனை இடத்திலும் சுற்றியது ஒரே கழுகாகத்தான் இருக்கும் என்று முடிவுக்கு வந்தார்கள். ஆளாளுக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தக் கதை யாருக்குத் தெரிந்திருக்கும்?

செம்போத்து:
கழுகையும் உள்ளானையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். கழுகு ஆற்றுக்கு அக்கரையில் மர உச்சியில் உட்கார்ந்திருக்கும்; இக்கரையில் ஐந்நூறு பேர் நின்றாலும் அதற்கு ஒன்றுமில்லை. கரைப்பறவைக்குத் தீனி மேடையே நம் காலடியில் இருக்கிறது. 2022ல் ஐந்து மாதமே ஆன ஒரு பட்டைவால் மூக்கன், அதுவும் கரைப்பறவைதான், அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை பதினோரு நாள், சுமார் 13,560 கிலோமீட்டர், தரையில் கால் வைக்காமல் பறந்தது. அந்த ஓட்டத்துக்கு எரிபொருள் கொழுப்புதான். கிளம்புவதற்கு முன் உடல் எடையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிக்கொள்ளும் உள்ளான்களும் உண்டு. வழிதவறி வந்து இறங்கியது காய்ந்த வயிற்றோடு நிற்கும். அதன் ஒவ்வொரு கொத்தையும் நாம் பிடுங்கிக்கொண்டிருந்தோம்.

நீர்க்காகம்:
கேமரா வைத்திருப்பவன் எல்லாம் வில்லன் என்கிற பாட்டு எனக்குச் சலித்துவிட்டது. நானும் அந்த மாதிரி கூட்டங்களில் நின்றிருக்கிறேன். பெரிய லென்ஸ்காரன் தள்ளித்தான் நிற்பான், அவனுக்குக் கிட்டே போகும் தேவை இல்லை. கைபேசியை நீட்டிக்கொண்டு முன்னால் போகிறவரை யாரும் எழுதுவதில்லை. பறவைக்குக் கூட்டம் மட்டுமா எமன்? 2013ல் ஸ்காட்லாந்தின் ஹாரிஸ் தீவுக்கு வெண்தொண்டை ஊசிவால் உழவாரன் வந்தது. அந்தப் பக்கம் எப்போதோ ஒருமுறை வருகிற பறவை. பார்க்க வந்தவர்கள் கண் எதிரேயே காற்றாலையில் அடிபட்டு விழுந்து செத்தது. அன்று கூட்டம் ஒரு பாவமும் செய்யவில்லை.

ஆட்காட்டி:
1989 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு சூப்பர்மார்க்கெட் கார் நிறுத்தத்தையொட்டி வட அமெரிக்கப் பொன்சிறகுக் கதிர்க்குருவி ஒன்று வந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கில் ஜனம். இன்றுவரை அதைச் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள்.

செம்போத்து:
ஜனத்துக்குக் கொண்டாட்டம், சரி. குருவியைக் கேட்டீர்களா?

கூகை:
எல்லோரும் கடல் தாண்டி வந்த விருந்தாளிகளைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குக் கவலை, அதே இடத்தில் கூடு கட்டி வாழ்கிற அரிய பறவைகளைப் பற்றி. விருந்தாளி நான்கு நாளில் போய்விடும். ஆந்தை எங்கே போகும்?

பகலில் ஆந்தை கண்ணை மூடி, உடம்பைத் தளர்த்தி உட்கார்ந்திருந்தால் நிம்மதியாக இருக்கிறது என்று அர்த்தம். கண்ணை முழுசாக விரித்தாலோ, உடம்பைக் குச்சி மாதிரி நீட்டினாலோ நாம் அதிகம் நெருங்கிவிட்டோம். எல்லோரும் விரும்பிப் பகிர்கிற படம் இந்த இரண்டாவதுதான், வேடிக்கை. அதற்கும் மேல் நெருங்கினால் பறந்துவிடும். பட்டப்பகலில் வெளியே வந்த ஆந்தையைக் காக்கைகள் சும்மா விடாது.

அப்புறம் இந்த பிளேபேக். கைபேசியில் குரலை ஓடவிட்டால் ஆண் பறவை எதிரி வந்துவிட்டான் என்று கூட்டை விட்டு ஓடி வருகிறது. நாம் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவோம். பத்து நிமிஷத்தில் அடுத்த குழு, அதே குரல். பார்த்த பறவைகளைப் பதிவு செய்கிற இ-பேர்ட் தளமே சில இனங்களின் சரியான இடத்தைப் பொதுவில் காட்டாமல் பெரிய கட்டமாகத்தான் காட்டுகிறது. காரணம் இல்லாமலா?

என்னைக் கேட்டால் கூடுள்ள பறவைக்கு வாயைத் திறக்கக் கூடாது. வழிதவறி வந்ததற்குச் சொல்லலாம், ஆனால் எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நீர்க்காகம்:
பிளேபேக் விஷயத்தில் கூகையோடு சண்டை இல்லை. நானும் ஆரம்பத்தில் போட்டிருக்கிறேன், இரண்டு வருஷமாக இல்லை.

தகைவிலான்:
நான் இதற்குப் புதிது, ஒரு சின்னச் சந்தேகம். மறைக்க வேண்டும் என்கிறீர்கள், யாரிடமிருந்து? செம்போத்து அண்ணாவுக்குத் தெரியும், அவருடைய வாட்ஸ்அப் குழுவுக்கும் தெரியும். பழைய ஆட்கள் எல்லோரும் பார்த்துவிடுவார்கள். எந்தக் குழுவிலும் இல்லாத என் மாதிரி ஆள்தான் பார்க்க முடியாது. போன வருஷம் ஒரு பறவை இருக்கிற இடத்தை ஒருவரிடம் கேட்டேன். “இடம் சொல்வதில்லை, அது நெறி” என்றார். மறுநாள் அவருடைய நண்பர்கள் ஆறு பேர் அதே பறவையோடு படம் போட்டார்கள். இது நெறியா, கிளப்பா?

ஆட்காட்டி:
தகைவிலான் போட்டார் பாருங்கள். செம்போத்து, ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். முதல் நாள் நீங்கள் மட்டும்தான் என்றீர்கள். மூன்றாம் நாள் நாற்பது பேர் எப்படி வந்தார்கள்?

செம்போத்து:
மூன்று பேருக்குத்தான் சொன்னேன்.

ஆட்காட்டி:
😀

செம்போத்து:
சிரியுங்கள். மூவரும் யாரிடமும் சொல்ல மாட்டோம் என்றார்கள். ஆளுக்கு ஒருவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்கள், அந்த ஒருவரும் யாரிடமும் சொல்ல மாட்டாராம். யோசித்தால் பொதுவில் எழுதி, குட்டையின் எந்தக் கரையில் நிற்க வேண்டும், எதற்கு மேல் போகக் கூடாது என்று போட்டிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அறுபது பேர் வந்திருப்பார்களோ என்னவோ, ஆனால் அடுத்த கரையில்.

கூகை:
அறுபது பேரை வரப்பில் நிறுத்திப் பார்த்திருக்கிறீர்களா? கோடு போடுவது சுலபம், அதைக் காக்க ஒரு ஆள் வேண்டும். முதலில் கண்டுபிடித்தவர்தான் அந்தக் காவலுக்கும் நிற்க வேண்டியிருக்கும், விடிகாலையிலிருந்து.

நீர்க்காகம்:
பறவை இன்னும் இருக்கிறதா?

செம்போத்து:
இல்லை. இன்று காலை போனேன். சேறு முழுக்கச் செருப்புத் தடம், ஓரத்தில் இரண்டு மூன்று இடத்தில் மட்டும் அலகு குத்திய துளைகள். நேற்று ராத்திரி வானம் துடைத்துவிட்டது போல இருந்தது, காற்றும் சாதகம். அதனால் கிளம்பியதா, கூட்டத்தால் கிளம்பியதா, சொல்லத் தெரியவில்லை.

ஆட்காட்டி:
போய்விட்டதல்லவா, இப்போதாவது என்ன பறவை என்று சொல்லுங்கள்.

செம்போத்து:
உங்களுக்கும் கூகைக்கும் நீர்க்காகத்துக்கும் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். யாரிடமும் சொல்லாதீர்கள்.

தகைவிலான்:
எனக்கு வரவில்லையே?