இடம் மாறியது மத்தியா, வலையா?

நீரோட்டம்:
மத்தி (சாளை) மீனின் தாய்வீடு மேற்குக் கரையின் மலபார் கடல். 1980களின் நடுப்பகுதி வரை தமிழகத்தின் கிழக்குக் கரையில் அது பெயருக்குத்தான் கிடைத்தது. 1990களில் பெருகியது. கடல் சூடாகச் சூடாக மீனின் பரப்பு விரிகிறது. இதில் இன்னும் என்ன சந்தேகம்?

சாளைக்கூட்டம்:
சந்தேகம் கணக்கில்தான். பிடிபட்ட டன் வேறு, மீன் வாழும் பரப்பு வேறு. மத்தி கூட்டமாகத் திரியும் மீன். கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியைச் சுருக்கும் வலையான சுருக்குமடி வந்தால் முதலில் அதுதான் மாட்டும். தமிழகத்தில் 2000லிருந்து அந்த வலைக்குத் தடை இருந்தும் அது ஓயவில்லை. டன்னை வலை போட்ட நேரத்தால் வகுத்தாலும் போதாது, கூட்டத்தைத் தேடி அலைந்த நேரத்தையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மீன் குறைந்த ஆண்டும் நல்ல ஆண்டாகத் தெரியும்.

நீரோட்டம்:
அப்படியானால் கானாங்கெளுத்தியைப் பாருங்கள். 1985-89இல் அதன் மொத்தப் பிடிப்பில் இழுவைமடியின் (கடலடியில் இழுக்கும் வலை) பங்கு 2%. 2003-07இல் 15%. வலையின் வாயளவோ கண்ணளவோ மாறவில்லை. மேல்நீர் சூடாவதால் மீன் ஆழத்துக்கு இறங்குகிறது.

சாளைக்கூட்டம்:
கானாங்கெளுத்தியில் பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இழுவைப் படகுகள் ஓடும் நேரம் கூடினாலும் பங்கு கூடும். வலை இறங்கிய ஆழம் எத்தனை மீட்டர் என்ற பதிவு வேண்டும். மத்திக்கு வருவோம். கேரளத்தில் 2012இல் சுமார் 3.9 லட்சம் டன், 2021இல் 3,297 டன், 2023இல் மறுபடி 1.38 லட்சம். சூட்டுக்கு அஞ்சி ஓடிய மீன், கடல் குளிராமலே இரண்டே ஆண்டில் திரும்புமா? அதன் ஆயுளே இரண்டரை ஆண்டு. மேலெழும் குளிர்நீர் ஒரு பருவம் குறைந்தால் நுண்பாசி குறையும், குஞ்சு தேறாது, கடை காலியாகும். 1940களிலும் இப்படிச் சரிந்திருக்கிறது. அன்று எஞ்சினும் இல்லை, சுருக்குமடியும் இல்லை.

நீரோட்டம்:
மலபார் மீன் குமரிமுனையைச் சுற்றி வந்தது என்று நான் சொல்லவில்லை. தாய்வீட்டில் ஏறி இறங்கட்டும். கிழக்கில் புதிதாக வேரூன்றியதா என்பதே கேள்வி.

முட்டைவலை:
அதற்குச் சந்தைக் கணக்கு உதவாது, முட்டை தேடுங்கள். மத்தி முட்டை ஏறக்குறைய ஒரே நாளில் பொரித்துவிடும். எனவே முட்டை கிடைத்த இடத்துக்குப் பக்கத்தில்தான் தாய்மீன் சினை விட்டிருக்கும். குறித்த இடங்களிலேயே மாதந்தோறும் மிதவை உயிரி வலையை (முட்டை போன்ற நுண்ணியவற்றை அரிக்கும் சிறுகண் வலை) இழுக்க வேண்டும். பலர் தவறுவது அடுத்த படியில்: மாதிரியை ஃபார்மலினில் போட்டு டிஎன்ஏவைக் கெடுத்துவிடுகிறார்கள். மத்தியின் உறவு மீனான சூடையின் முட்டையும் மத்தி முட்டையும் கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும். 95% எத்தனாலில் வைத்தால்தான் பிரித்தறிய முடியும்.

சாளைக்கூட்டம்:
அந்தச் சான்று பல ஆண்டுகளுக்குத் தொடர்ச்சியாக வந்தால் நான் ஏற்கிறேன். ஒரு பருவத்து முட்டை போதாது.