ஒரு கிழட்டு மரத்துக்குப் பத்துக் கன்று ஈடாகுமா?

தளிக்காரன்:
எங்கள் ஊர்ச் சாலையை அகலப்படுத்துவதற்காகத் தாத்தா காலத்துப் புளியமரங்களை வரிசையாகச் சாய்த்துவிட்டு, ஒன்றுக்குப் பத்தாகக் கன்று நடுகிறோம் என்றார்கள். காட்டை அழிக்கும்போதும் இதே கணக்குத்தான். பொந்து விழுந்த மரத்தில்தானே ஆந்தையும் கிளியும் குஞ்சு பொரிக்கும், கன்றிலா பொரிக்கும்? தைலமரத் தோப்பும் பச்சையாகத்தான் இருக்கிறது, உள்ளே நடந்து பாருங்கள், குருவிச் சத்தம் கேட்பதே அபூர்வம்.

அஞ்செட்டி ராகி:
தம்பி, கிளிக் கதை இருக்கட்டும். 2022-இல் நம்ம கிருஷ்ணகிரி, தருமபுரிக் காட்டில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் என்று அறிவித்தார்கள், அதன் ஓரத்தில்தான் என் கொல்லை. கதிர் முற்றினால் யானை இறங்கிவிடும். பரண் மேல் டார்ச்சும் பட்டாசுமாக விடிய விடிய உட்கார்ந்திருந்தும் போன வருஷம் ஒரே ராத்திரியில் ஒரு ஏக்கர் போச்சு. காட்டைக் காப்பாற்று என்று எழுதுகிறவர்கள் ஒருநாள் வந்து பரணில் படுங்கள்.

தளிக்காரன்:
அண்ணே, வருத்தம் புரிகிறது. ஆனால் கர்நாடகத்துப் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து நம்ம ஜவளகிரி வழியாக யானை வருவது இன்று நேற்றல்ல. வழியெல்லாம் வீட்டுமனை போட்டால் அது எங்கே போகும்?

அஞ்செட்டி ராகி:
மனை போட்டது நானா? காட்டுக்குள் தீனி இல்லை, எங்கு பார்த்தாலும் உண்ணிச்செடி (லாண்டானா) என்ற களைப் புதர். மாடு மேய்ந்த காலத்தில் இப்படியா இருந்தது? இப்போது மாட்டை உள்ளே விட்டால் பிடிக்கிறார்கள்.

பென்னாகரத்துப் பொண்ணு:
இதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். உண்ணிச்செடியை மாடு தொடாது, புல்லைத்தான் மொட்டையடிக்கும், காலியான இடத்தில் உண்ணி இன்னும் பரவும். அப்புறம், ஒகேனக்கல் பக்கம் ஆற்றோர மருதமரங்களில் நரை அணில் என்ற பெரிய காட்டு அணில் இருக்கிறது. கிளைவிட்டுக் கிளை தாவியே போகும், தரையில் இறங்க அதற்கு மனசே வராது. நடுவில் நாலு பெரிய மரம் விழுந்தால் அந்தப் பக்கத்து அணில் அந்தப் பக்கத்தோடு சரி, இரை இருந்தாலும் ஜோடி இருந்தாலும் இங்கே வராது. நட்ட கன்று வளர்ந்து கிளை கோக்க எத்தனை வருஷம்? அதுவரை அணிலை எங்கே நிறுத்தி வைப்பது?

அஞ்செட்டி ராகி:
அணிலுக்கு இவ்வளவு பேச ஆள் இருக்கிறது. சரி தாயி, மாடு விஷயத்தில் நீ சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கக் கூலி கொடுக்கச் சொல்லு, முதல் ஆளாக வருகிறேன். அந்த ஒரு ஏக்கருக்கு நஷ்ட ஈடு கேட்டு எழுதிக் கொடுத்தது இன்னும் வரவில்லை, அதையும் யாராவது பேசுங்கள்.