மூணாறு குளிரில் கரண்ட் பில் 540 யூனிட்: வழி சொல்லுங்களேன்

வணக்கம். மூணாறு பக்கம் இருக்கிறோம், வீட்டில் ஐந்து பேர். வழக்கமாக இரண்டு மாத பில் 300 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். டிசம்பர், ஜனவரிக்கு 540! மீட்டர் கோளாறோ என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 2000 வாட் ரூம் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். அம்மாவுக்கு மூட்டுவலி, ராத்திரி ஒன்றரை மணி நேரமாவது போட்டே ஆக வேண்டும். அதுவே இரண்டு மாதத்துக்கு 180. மிச்சம் கீசர்.

கேரளாவில் மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் படிப்படியான கட்டணம் கிடையாது. முதல் யூனிட்டிலிருந்தே மொத்தத்துக்கும் ஒரே விலை. இரண்டு மாதத்துக்கு 500. வெறும் 40 யூனிட்டில் மாட்டிக்கொண்டோம், அதுதான் வயிற்றெரிச்சல்.

சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்தவர்கள் யாராவது உண்டா? உறைபனி விழும் காலையில் தண்ணீர் சுடுகிறதா? கீசரில் சூட்டை 60-லிருந்து 45-க்கு இறக்கினால் பில்லில் தெரியுமா? எங்களுடையது தகரக் கூரை. அடியில் தெர்மாகோல் சீலிங் அடித்தவர்கள் குளிர் குறைந்ததா என்று சொல்லுங்கள். “ரெண்டு கம்பளி போர்த்திக்கோ” என்று சொல்ல வரும் அண்ணன்மாரே, மூன்று போர்த்தியாயிற்று.