மிஷின் நடவுக்குத் தட்டில் நாற்று விட்ட அனுபவம்

திருவாரூர் பக்கம், களிமண் வயல், குறுவை முழுக்க மிஷின் நடவுதான். எந்த மிஷின் நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், தட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கை நடவில் ஆள் பார்த்துப் பிரித்துக் குத்துக்கு இரண்டு மூன்று நாற்று வைப்பார்கள். மிஷினுக்குக் கண் கிடையாது. தட்டில் நாற்று வேர் பின்னிப் பாய் மாதிரி வளரும், மிஷினின் இரும்பு விரல் அந்தப் பாயிலிருந்து சின்னத் துண்டைக் கிள்ளிச் சேற்றில் வைக்கும், அந்தத் துண்டில் நாற்று இல்லையென்றால் வெறும் மண்தான் விழும். அதனால் விதை தட்டு முழுக்க ஒரே சீராக விழ வேண்டும், மூலையும் ஓரமும் உட்பட.

ஏக்கருக்கு 80 முதல் 100 தட்டு, தட்டுக்கு 100 முதல் 120 கிராம் விதை. இது உலர்ந்த விதைக் கணக்கு. ஊறி முளை கட்டியதை அதே எடைக்கு நிறுத்துப் போட்டால் விதை குறைந்துபோகும். முளை வெள்ளையாக லேசாக எட்டிப் பார்த்ததுமே தூவிவிடுங்கள், நீளவிட்டால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கொத்துக் கொத்தாக விழும், அப்புறம் எவ்வளவு பொறுமையாகத் தூவினாலும் திட்டுத் திட்டாகத்தான் வரும்.

தட்டில் மண்ணைச் சலிக்காமல் போடவே கூடாது. சின்னக் கல் மாட்டினாலும் விரலுக்குக் கேடு. மக்கிய எரு, கொஞ்சம் உமிச்சாம்பல் கலந்தால் பாய் தூக்கக் கனமில்லாமல் இருக்கும். முதல் நாலைந்து நாள் வைக்கோல் மூடி, பூவாளியில்தான் தண்ணீர். ஓரத்துத் தட்டுகள்தான் முதலில் காயும், அங்கே ஒரு கண் இருக்கட்டும்.

எனக்கு ஆற்றாமை ஒன்றுதான். நாற்று 15 முதல் 18 நாளில் மிஷினில் ஏறிவிட வேண்டும், போன வருடம் திங்கட்கிழமை வருகிறேன் என்ற மிஷின்காரர் சனிக்கிழமை வந்தார், அதற்குள் நாற்று வளர்ந்து சாய்ந்து, வேர் இறுகி, விரல் கிள்ளும்போது பிய்ந்து பிய்ந்து வந்தது. இப்போது தேதியை உறுதி செய்துகொண்டுதான் விதையை ஊறவைக்கிறேன், அதையும் இரண்டு தவணையாக.

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒருவர்:
அண்ணே, சம்பாவுக்கு இதைவிடச் சிரமம். விதைத்த அன்றைக்கே மழை கொட்டினால் விதை எல்லாம் தட்டின் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். நிழல்வலை கட்டினால் மழை வேகம் குறைகிறது. வயலையும் சொல்லுங்கள், பரம்படித்த கையோடு மிஷினை இறக்கினால் நம்ம களிமண்ணில் மிஷினுக்கு அடியில் இருக்கும் மிதவை சேற்றைத் தள்ளிப் பக்கத்து வரிசை நாற்றை மூடிவிடுகிறது. ஒன்றிரண்டு நாள் சேறு படியட்டும், தண்ணீர் விரற்கடை அளவு நின்றால் போதும்.

செய்யாறு பக்கத்திலிருந்து இன்னொருவர்:
தட்டு வாங்க வசதியில்லாமல் பாலித்தீன் தாள் விரித்து, மரச்சட்டம் வைத்து அதில் நாற்று விட்டேன், நன்றாகவே வந்தது. நடவுக்கு முந்தின நாளே தண்ணீரை வடித்துவிட்டேன். மூலையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன், பிய்யாமல் தொங்கியது, அப்படியே சுருட்டி வண்டியில் ஏற்றியாயிற்று. கொஞ்சம் பாயை வரப்போரம் வைத்துக்கொள்ளுங்கள், வயல் மூலையில் மிஷின் திரும்பும் இடமெல்லாம் கையால்தான் குத்த வேண்டும்.