சூடானால் நின்றுவிடும் பழைய கார், எதை முதலில் பார்ப்பது?

காசிமேட்டுக்காரன்:
அப்பா வாங்கிய 2007 மாடல் பெட்ரோல் கார். காலையில் முதல் சாவியிலேயே ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டி ஊர்ந்தால் திடீரென அணைந்துவிடுகிறது, அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஓடுகிறது. பிளக், பெட்ரோல் ஃபில்டர் மாற்றியாச்சு. இன்ஜின் விளக்கும் எரியவில்லை. விற்க மனசு வரவில்லை.

வியாசர்பாடி வாசி:
தம்பி, இனிமேல் ஊகத்தில் எதையும் மாற்றாதீங்க. வண்டி நின்ற இடத்திலேயே, சூடு ஆறுவதற்குள் சோதிக்க வேண்டும், ஆறிய வண்டியைக் கொண்டுபோனால் எந்த மெக்கானிக்காலும் கண்டுபிடிக்க முடியாது. சாவியை ஆன் செய்ததும் பின்சீட் அடியில் பம்ப் சத்தம் ஓரிரு நொடி கேட்க வேண்டும். கேட்கவில்லையா, பம்ப், அதன் ரிலே, ஃபியூஸ் பக்கம் போங்க. கேட்கிறது, ஆனால் ஸ்டார்ட் அடிக்கும்போது ஆர்பிஎம் (இன்ஜின் சுற்றும் வேகம்) காட்டும் முள் துளிகூட அசையவில்லை என்றால் எனக்கு, இன்ஜின் சுற்றுவதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார்மேல்தான் சந்தேகம். சூட்டில் உள்ளே இருக்கும் கம்பிச்சுருளின் தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். இதற்கு எப்போதும் விளக்கு எரியும் என்று சொல்ல முடியாது.

திருவொற்றியூர் அக்கா:
அவர் சொல்வது சரி. அதோடு, கடலோரம் நிற்கும் வண்டி என்பதால் எர்த் கேபிளையும் (பேட்டரி நெகட்டிவை பாடி, இன்ஜினோடு இணைக்கும் கம்பி) பாருங்க, உப்புக்காற்று அதை உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். ஸ்டார்ட் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜினுக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்க. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளைக் கழற்றித் தேய்க்கணும், இல்லையென்றால் மாற்றணும்.

காசிமேட்டுக்காரன்:
நன்றி அக்கா, அண்ணா. மல்டிமீட்டர் வீட்டிலேயே இருக்கிறது. முள் அசைகிறதா என்று அடுத்த தடவை நிற்கும்போது வீடியோ எடுத்துப் போடுகிறேன்.